ஜெம் கிளிப் தெரியும், கோப்பு வராது

மெயிலோடு கோப்பு வரும் சமாசாரத்தில் நான் இரண்டு யுகங்களைப் பார்த்துவிட்டேன். கேட்காததெல்லாம் வந்து தானாகத் திறந்துகொண்டது முதல் யுகம். கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்த பிறகும் திறக்க மறுப்பது இரண்டாவது. இரண்டிலும் சம்பளம் வாங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடலாம். அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறக்கூடிய இடங்கள் சில வருகின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வு தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. நான் பர்ச்சேஸ். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அது மவுண்ட் ரோட்டைத் தாண்டி அம்பத்தூர் வந்து சேர இன்னும் சில வருஷம் பிடித்தது. வந்ததும் மேனேஜர் அறையில் குடிவைத்தார்கள். ஏசி அங்கேதான் இருந்தது. இணையம் உள்ள ஒரே கணினி, ஒரே மோடம், கம்பெனி மொத்தத்துக்கும் ஒரே முகவரி. காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை ஸ்டெனோ அம்மா டயல் செய்வார். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, கடைசியில் அடங்கும். வந்த மெயிலை டாட் மேட்ரிக்ஸில் அச்சடித்து, இன்வர்ட் சீல் குத்தி, நம்பர் போட்டு, மேனேஜரின் கையெழுத்தோடு அந்தந்த இலாகாவுக்கு அனுப்புவார்கள். கூடவே கோப்பு வந்திருந்தால் அது ஃப்ளாப்பியில் ஏறி வரும். கொண்டுவரும் ஆபீஸ் பையன் டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்காமல் நகரமாட்டான். அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடும் அந்த நோட்டுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் பாயசம் வந்தால் மோந்து பார்த்துவிட்டா வாங்குவோம்? அனுப்பியவர் தெரிந்தவர், அவ்வளவுதான் விசாரணை. திரையில் பனி பெய்யும் ஸ்கிரீன் சேவர், கிறிஸ்துமஸ் குட்டிச்சாத்தான்களை உருட்டி விளையாடும் பந்தாட்டம், ஆடும் குழந்தை என்று டாட் இஎக்ஸ்இ கோப்புகள் இலாகா இலாகாவாகப் பவனி வரும். 1999 ஜனவரியில் 'ஹேப்பி99' என்று ஒன்று உலகமெங்கும் சுற்றியது. திறந்தால் சின்ன ஜன்னலில் வாணவேடிக்கை. அதே நேரத்தில் அது கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, நாம் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்குப் பின்னாலும் தன் பிரதி ஒன்றை அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் டெஸ்பாட்ச் அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு ரசித்தார். தீபாவளிக்கு வெடி வாங்குவதை நிறுத்திவிடலாம் போலிருக்கே என்றார்.

இந்தச் சகவாசம் ஆரம்பித்த விதம் எவ்வளவு நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு நாம் அனுப்பும் விதத்தில், மைம் என்ற ஏற்பாட்டின்படி, மெயிலோடு கோப்பை முதன்முதலில் சேர்த்து அனுப்பியவர் அமெரிக்காவின் நதானியேல் போரென்ஸ்டைன். 1992 மார்ச் 11. அவரும் நண்பர்களுமாக நான்கு பேர் கூடிப் பாடும் குழுவின் படம், கூடவே அவர்கள் பாடிய பாட்டு. அதை வாங்கியவர்களுக்கு வந்த ஒரே அபாயம் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டியிருந்ததுதான்.

அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1999 மார்ச் 26 அன்று 'மெலிஸா' கிளம்பியது. சாதாரண வேர்டு டாகுமெண்ட். திறந்தால் அதனுள் இருக்கும் மேக்ரோ, அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிவைக்கும். எழுதிய நியூஜெர்சிக்காரர் டேவிட் ஸ்மித்துக்குப் பின்னால் 20 மாதம் சிறை கிடைத்தது. அம்பத்தூரில் எங்களுக்கு இதெல்லாம் பேப்பரில் படித்த செய்தி. எங்கள் முகவரிப் புத்தகத்தில் 50 பேரே இல்லை என்ற மிதப்பில் இருந்தோம்.

அடுத்த வருஷம் கத்திரி வெயில் தொடங்கும் வாரம். அதற்குள் கம்பெனிக்கு நெட்வொர்க் வந்து, ஆளுக்கொரு முகவரியும் வந்திருந்தது. 2000 மே 4, வியாழக்கிழமை மணிலாவிலிருந்து ஒரு காதல் கடிதம் புறப்பட்டது. தலைப்பிலேயே 'ஐ லவ் யூ'. உள்ளே, நான் அனுப்பும் காதல் கடிதத்தைத் தயவுசெய்து பார்க்கவும் என்று ஒரே வரி. இணைப்பின் பெயர் டாட் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரியும். அதற்கும் பின்னால் இருந்த டாட் விபிஎஸ் என்ற வாலை விண்டோஸ் மறைத்துவிடும். தெரிந்த கோப்பு வகைகளின் வாலைக் காட்டி மக்களைக் குழப்ப வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. மெலிஸாவுக்கு 50 பேர் போதுமாக இருந்தது. இது முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேரையும் காதலித்தது.

எங்களுக்கு அந்தக் கடிதம், மிஷின் விற்ற ஜெர்மன் கம்பெனியின் சர்வீஸ் என்ஜினியரிடமிருந்து வந்தது. வழுக்கைத் தலை, அறுபதை நெருங்கும் வயசு, ரசத்தைக் குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர். அவர் எங்கள் சீஃப் அக்கவுண்டண்டைக் காதலிப்பதாக எழுதியிருந்தார். சீஃப் அக்கவுண்டண்ட் பட்டை விபூதிக்காரர். பேலன்ஸ் ஷீட் தவிர எதையும் காதலித்தவராகத் தெரியவில்லை. ஜெர்மன்காரன் பாக்கித் தொகையைப் பற்றித்தான் ஏதோ நாசூக்காக எழுதியிருக்கிறான் என்று நினைத்துத் திறந்துவிட்டார். அடுத்த சில நிமிஷங்களில் எம்டி, பேங்க் மேனேஜர், கோயம்புத்தூர் டீலர், யூனியன் செயலாளர், ஸ்டெனோ அம்மா எல்லோருக்கும் அவருடைய மனசு போய்ச் சேர்ந்தது.

ஸ்டெனோ அம்மா எழுந்து அவர் மேஜைக்கு வந்தார். "சார், உங்ககிட்டேர்ந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. தொறக்கலாமா, வேணாமான்னு தெரியல."

அவர் லெட்ஜரிலிருந்து தலை நிமிரவில்லை. "ஆபீஸ் விஷயமாத்தாம்மா இருக்கும். தொறந்து ஃபைல்ல போட்டுடுங்க."

மேலதிகாரி சொன்னபடி அந்த அம்மா திறந்தார். அப்புறம் அவருடைய காதல் யார் யாருக்குப் போயிற்று என்பதை விவரிக்க இடம் போதாது. அந்தப் புழு கணினியில் இருந்த ஜேபெக் படங்களின் மேல் தன்னையே எழுதிக்கொள்ளும். எங்கள் கேட்லாக்குக்காகக் கஷ்டப்பட்டு ஸ்கேன் செய்து வைத்திருந்த வால்வுப் படங்கள் ஒன்று மிஞ்சவில்லை. லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மெயிலை மூடிவைத்தது என்று பேப்பரில் வந்தபோது சீஃப் அக்கவுண்டண்டுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எழுதியவர் என்று ஒனெல் டி குஸ்மான் என்ற மணிலா மாணவர் மீது சந்தேகம் விழுந்தது. காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் இணையம் கிடைக்க வேண்டும், அதற்குப் பிறர் பாஸ்வேர்டை எடுக்கும் நிரல் ஒன்று செய்யப்போகிறேன் என்று கல்லூரியில் ஆய்வுத் திட்டம் கொடுத்து, நிராகரிக்கப்பட்டவர். பிலிப்பைன்ஸில் அப்போது இதற்குச் சட்டமே இல்லை. அவசரமாக ஜூன் மாதம் ஒரு சட்டம் போட்டார்கள். பழைய செயலுக்குப் புதிய சட்டம் செல்லாது என்பதால் வழக்கைக் கைவிட்டார்கள். நாமும் அதே ஜூன் மாதம்தான் முழித்துக்கொண்டோம்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு 2000 ஜூன் 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல், அக்டோபர் 17 முதல் அமல். இருபது வருஷம் கழித்து ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் தேடிப் போனபோது, டி குஸ்மான் மணிலாவில் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தார். ஆமாம், நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார்.

2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் படம் என்ற பெயரில் இன்னொன்று வந்தது. அனுப்பியது நெதர்லாந்தில் ஒரு 20 வயசுப் பையன். இணையத்தில் கிடைத்த ரெடிமேட் கருவியில் செய்தது. அவன் போலீஸில் தானாகச் சரணடைந்தான். 150 மணி நேர சமூக சேவை தண்டனை. அவன் ஊர் மேயர் அவனுக்கு வேலை தரலாம் என்கிற அளவுக்குப் பேசினார். டெஸ்பாட்ச் பகுதி அந்த முறை மொத்தமாக விழுந்தது. காதல் கடிதத்துக்கு மசியாதவர்கள் எல்லாம் டென்னிஸ் ரசிகர்களாக இருந்தார்கள்.

இவ்வளவுக்கும் எங்கள் நிர்வாகம் அசையவில்லை. படம் போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆன்ட்டி வைரஸுக்குக் காசு கொடுத்தால் திரும்பி வருமா? அவர்களை அசைத்தது 2001 ஜூலையில் வந்த 'சர்காம்'. அதைப் போல ரசனையுள்ள புழுவை நான் பிறகு பார்த்ததில்லை. அது காலி கையோடு போகாது. மை டாகுமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் கைவிட்டு, அகப்பட்ட வேர்டு கோப்போ எக்ஸெல் கோப்போ ஒன்றை எடுத்து, அதோடு தன்னை ஒட்டிக்கொண்டு கிளம்பும். எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, உங்கள் ஆலோசனையைப் பெறுவதற்காக இந்தக் கோப்பை அனுப்புகிறேன் என்று பவ்வியமாக எழுதும். திறந்தால் ஏமாற்றாது, உள்ளே இருக்கும் அசல் கோப்பை விரித்துக் காட்டிவிட்டு, பின்கதவு வழியாகத் தன் வேலையைப் பார்க்கும்.

எச்ஆர் மேனேஜரின் கணினியில் அதன் கையில் அகப்பட்டது அந்த வருஷத்து இன்கிரிமெண்ட் பட்டியல். போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று யூனியன் செயலாளரின் முகவரி. கம்பெனி வரலாற்றில் நிர்வாகம் தொழிற்சங்கத்திடம் சம்பள விஷயமாக ஆலோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் ஆலோசனையை மறுநாள் காலை ஷிஃப்டில் கேட்டுக்கு வெளியே நின்று சத்தமாகவே சொன்னார்.

அன்று சாயந்திரமே எம்டியின் உத்தரவு இறங்கியது. காதல் கடிதத்துக்கு அடைபடாத கதவு, இன்கிரிமெண்ட் பட்டியலுக்கு அடைபட்டது.

அடைப்பதற்கான பூட்டு ஏற்கெனவே தயாராக இருந்தது. காதல் கடிதம் வந்த அடுத்த மாதமே, 2000 ஜூனில், அவுட்லுக்குக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டிருந்தது. அபாயகரமான கோப்பு வகைகள் என்று ஒரு பட்டியல். அதில் உள்ளவற்றைத் திறக்கவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. இஎக்ஸ்இ, பேட், விபிஎஸ், எஸ்சிஆர், பிஐஎஃப் எல்லாம் நியாயமான குற்றவாளிகள். அவர்களோடு ஆக்ஸெஸ் டேட்டாபேஸான எம்டிபியும் உள்ளே போயிற்று. மெலிஸாவைச் சுமந்து வந்த வேர்டு டாகுமெண்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அதைத் தடுத்தால் உலகத்தில் ஒரு ஆபீஸும் நடக்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் ஸ்டோர்ஸ் கணக்கு மொத்தமும் எம்டிபி. திருவள்ளூர் யூனிட்டிலிருந்து மாதக் கடைசியில் வரும். மெயில் வரிசையில் ஜெம் கிளிப் அடையாளம் தெரியும், ஆசையாகத் திறந்தால் கோப்பு இருக்காது. அபாயகரமான பின்வரும் இணைப்பைத் தடுத்துவிட்டோம் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். கோப்பு எங்கேயும் போய்விடவில்லை. அந்த மெயிலுக்குள்ளேதான், என் கணினிக்குள்ளேதான் இருக்கிறது. எனக்கு மட்டும் காட்டமாட்டார்கள்.

"தம்பி, ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் என் பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

"இருக்கு சார்."

"அப்புறம் ஏன் குடுக்கமாட்டேங்குது?"

"உங்க நல்லதுக்குத்தான் சார்," என்றான் சிஸ்டம்ஸ் தம்பி.

இதைவிட வேடிக்கை வீட்டுக் கணினிகளில் நடந்தது. 2002-ல் வந்த திருத்தத்தில், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இந்தத் தடை தானாகவே போடப்பட்டு வந்தது. சந்தேகப்பட்ட இணைப்பெல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கி நிற்கும். பிடிஎஃப் கூடத் தப்பவில்லை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி என்று போய் ஒரு டிக்கை எடுத்தால் போதும், எல்லாம் உயிர் பெற்றுவிடும். அந்த டிக் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அந்தக் காலத்தில் தெருவில் இருந்த மரியாதை எலக்ட்ரீஷியனுக்குக் கூடக் கிடையாது. அமெரிக்கப் பிள்ளையின் படத்துக்காகக் காத்திருக்கும் அம்மாக்களுக்கு எல்லாம் எங்கள் சிஸ்டம்ஸ் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் டிக் எடுத்துக் கொடுத்தான். காபி, முறுக்கு. எடுத்த டிக்கை மறுபடி யாரும் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

ஆபீஸில் அந்த டிக் கிடையாது. ஆகவே பெயர் மாற்றம் ஆரம்பித்தது. கோப்பின் கடைசி மூன்று எழுத்தைப் பார்த்துத்தான் காவல் நிற்கிறது என்றால், கடைசி மூன்று எழுத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் டாட் எம்டிபி, ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் டாட் டிஎக்ஸ்டியாகத் திருவள்ளூரிலிருந்து கிளம்பும். 'இணைப்பைச் சேமித்துக்கொண்டு, டிஎக்ஸ்டி என்பதை எம்டிபி என்று மாற்றித் திறக்கவும்' என்று கீழே ஒரு குறிப்பு. முதலில் ரகசியமாகத்தான் செய்தோம். பிறகு இரண்டு யூனிட்டுக்கும் பழகி, ஐஎஸ்ஓ தணிக்கைக்கு வந்தவர் எழுத்து வடிவில் செயல்முறை எங்கே என்று கேட்டபோது, அதையும் நடைமுறைக் கையேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்து, எம்டி கையெழுத்துப் போட்டார். தடைக்கு உத்தரவு போட்ட அதே பேனா.

காவல்காரன் ஆளைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தான். அது தெரிந்த பிறகு அம்பத்தூரில் ஒரு இஎக்ஸ்இ கூடத் தன் சொந்தச் சட்டையில் பயணம் செய்யவில்லை. புழு எழுதுகிறவர்கள் கற்றதைவிட, ஸ்டாக் ஸ்டேட்மெண்டுக்காக நாங்கள் கற்றது அதிகம் என்றே சொல்வேன். வாலை மறைப்பது, பெயரை மாற்றுவது, ஜிப்புக்குள் ஜிப்பாகச் சுருட்டுவது எல்லாம் ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருஷம் இருக்கும் ஸ்டோர்ஸ் கீப்பருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவர்களின் பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம் சுற்றிக்கொள்ளும். அப்போது சிறுபத்திரிகை ஒன்றுக்கு நான் கட்டுரை எழுதுவதுண்டு. தமிழ் மெயிலுக்குள் தமிழாகவே போகும் காலம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஈழத்து நண்பர்கள் பாமினியில் அடிப்பார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் கொடுத்த மயிலை ஒரு பக்கம், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் கொடுத்த முரசு அஞ்சல் ஒரு பக்கம், இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்று அரசு இரண்டு தரம் நிர்ணயித்தது. நிர்ணயித்ததால் பழையவை ஒழிந்துவிடவில்லை, பட்டியலில் இரண்டு கூடியது. நான் அனுப்பும் கட்டுரையைத் திறக்க ஆசிரியரிடம் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். நவீன கவிதை என்று நினைத்து ஒருவர் அதை அப்படியே போட்டுவிட்டதாக எங்கள் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. நம்ப வேண்டியதில்லை.

ஆக, கட்டுரையோடு எழுத்துருவையும் அனுப்ப வேண்டும். எழுத்துருவும் விசைப்பலகை நிரலும் சேர்ந்த பொட்டலம் பெரும்பாலும் இஎக்ஸ்இ. அது ஆசிரியரின் வாசலில் நிற்கும். 'கட்டுரை வந்தது, எழுத்து வரவில்லை' என்று போன் வரும். பெயரை மாற்றி அனுப்பினால், அதைத் திரும்ப மாற்றும் விதத்தைத் தமிழில் எழுத முடியாது, எழுத்துரு இல்லையே. ஆங்கிலத்தில் எழுதினால் தூயதமிழ்க் கொள்கையுள்ள அந்த ஆசிரியர் படிக்கமாட்டார். கடைசியில் ஃப்ளாப்பியை உறைக்குள் வைத்து, டவுன் பஸ்ஸில் ராயப்பேட்டை போய், அவர் வீட்டுத் திண்ணையில் கொடுத்துவிட்டு வருவேன். பஸ்ஸில் யாரும் அதைத் தடுத்ததில்லை. பிறகு யூனிகோடு வந்து இந்தக் கூத்தெல்லாம் முடிந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டது 2010-ல். இப்போதும் சில அச்சகங்களில் பழைய எழுத்துருவில்தான் கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

பெயர் மாற்றத்துக்கும் ஒரு நாள் முடிவு வந்தது. காவல்காரர்கள் சட்டையை விட்டுவிட்டு உடம்பைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயில், ஜிப்புக்குள் இஎக்ஸ்இயை மடித்து வைத்தாலும் பிரித்துப் பார்த்துத் திருப்பிவிடும். நாங்கள் அடுத்த படிக்கு ஏறினோம்: ஜிப்புக்குப் பாஸ்வேர்டு. பூட்டிய பெட்டிக்குள் எந்த ஸ்கேனரும் பார்க்க முடியாதல்லவா? பாஸ்வேர்டை அதே மெயிலில் கீழே எழுதிவிடுவோம். வேறு எங்கே எழுதுவது?

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் ஜிமெயிலுக்கும் முன்பே, அதே வருஷம் மார்ச்சுக்குள், 'பேகிள்' என்ற புழு அதே வித்தையோடு வந்து நின்றிருந்தது. பாஸ்வேர்டு போட்ட ஜிப், பாஸ்வேர்டு மெயிலிலேயே. ஸ்கேனர்கள் மெயிலில் உள்ள பாஸ்வேர்டைப் படிக்கக் கற்றதும், அடுத்த ரகத்தில் அது பாஸ்வேர்டைப் படமாக வரைந்து அனுப்பியது. மனிதன் மட்டும் படிக்கட்டும் என்று. மனிதர்களும் கண்ணைச் சுருக்கிப் படித்து, தப்பில்லாமல் அடித்து, ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருந்ததை இருமுறை கிளிக் செய்து வியாதியை வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு சிரமப்பட்டு ஒருவன் தன் கணினிக்குக் கேடு தேடிக்கொள்வானா என்று பாதுகாப்பு நிபுணர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. அந்தப் பயிற்சியை ஆபீஸ்களே மாதக் கடைசியில் கொடுத்துக்கொண்டிருந்தன.

இனி இந்தக் காலம். ஓய்வு பெற்று, வேறொரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே ஆலோசகராக இருக்கிறேன். நான் அவர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் நெற்றியிலும் மஞ்சள் பட்டை ஒன்று விழுகிறது: இது வெளியாள் அனுப்பியது, இணைப்பைத் திறக்கும் முன் யோசிக்கவும். ஆலோசனைக்கு எனக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைத் திறக்காதே என்று தங்கள் ஆட்களுக்கே சொல்கிறார்கள். பட்டை எல்லா மெயிலிலும் விழுவதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. என் பில் மாதாமாதம் தனிமைச் சிறைக்குப் போகும். உங்களுக்கு ஒரு மெயில் காத்திருக்கிறது, விடுவிக்கலாமா என்று கேட்டு அக்கவுண்ட்ஸுக்கு ஓர் அறிவிப்புப் போகும். அந்த அறிவிப்பும் சந்தேகத்துக்குரியது என்று சிறையில் கிடக்கும். 2022-லிருந்து இணையம் வழியாக வரும் ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது. மெலிஸா வந்து இருபத்து மூன்று வருஷம் கழித்து. சர்க்கார் வேகம் என்று இனி யாரும் சர்க்காரை மட்டும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கம்பெனியில் ஒத்திகை வேறு நடத்துகிறார்கள். தீபாவளி போனஸ் விவரம் இணைப்பில் என்று பாதுகாப்புப் பிரிவே பொய் மெயில் அனுப்பும். திறந்தவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு. சென்ற தீபாவளிக்கு நிஜமாகவே போனஸ் விவரம் வந்தது. அத்தனை பேரும் அதைப் 'புகார் செய்' பொத்தானை அழுத்தி ஒழித்துவிட்டு, ஏமாறாத பெருமையோடு வீட்டுக்குப் போனார்கள்.

பாஸ்வேர்டு வித்தை மட்டும் அழியவில்லை. அதற்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்ட் பூட்டோடு வருகிறது, சாவி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அதே மெயிலில். இ-ஆதார் பிடிஎஃப்புக்குச் சாவி, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். என் பெயரும் வயசும் தெரியாதவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

திருடர்களும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். மெயிலில் கெடுபிடி என்றதும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு வருகிறது, தொடாதீர்கள், தொட்டால் போனில் உள்ள எஸ்எம்எஸ் எல்லாம் அவர்கள் கைக்குப் போய் ஓடிபி பறிபோகும், மாட்டிக்கொண்டால் 1930-க்கு அழையுங்கள் என்று போலீஸ் எச்சரிக்கிறது. 2000-ல் காதல் கடிதம், 2024-ல் கல்யாணப் பத்திரிகை. இடையில் அத்தனை பூட்டுகளைத் தாண்டி விவகாரம் முறையாகத்தான் முன்னேறியிருக்கிறது.

அந்தச் சமயம் பார்த்து என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் அழகான பிடிஎஃப் பத்திரிகை செய்து கொடுத்தார்கள். பிள்ளையார் ஆடுவார், நாதஸ்வரம் கேட்கும் என்று ஒரு வீடியோவும். உறவுக்கெல்லாம் அனுப்பினேன். பதிலே இல்லை. தாம்பரத்தில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பத்திரிகை வந்துதா பெரியப்பா?"

"நீ அனுப்பினதா அது? நான் போலீஸுக்கே போலாம்னு இருந்தேன். தொடலைப்பா. நேர்ல வந்து குடு."

ஆகவே அச்சடித்து, மூலைக்கு மஞ்சள் தடவி, தாம்பூலத் தட்டோடு நானும் மனைவியும் கிளம்பினோம். பழைய மாமூல்தான், இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஓஎம்ஆரில் என் அத்தை பெண் இருப்பது இருபது மாடிக் கட்டடம். வாசலில் காவலர் போனில் எங்கள் பெயரைத் தட்டினார். யார், எந்த வீடு, என்ன வேலை. மேலே அவள் போனுக்கு அனுமதி கேட்டுச் செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் அவர் தலையை ஆட்டினார்.

"மேடம் வேணாம்னு அமுக்கிட்டாங்க சார்."

"நான் அவங்க மாமா பையம்ப்பா."

"விசிட்டர்னுதான் சார் போட்டேன். தெரியாத விசிட்டர்னா எல்லாரும் அப்படித்தான் அமுக்குவாங்க."

அவளுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. எங்களைத் தாண்டி பைக்கில் ஒரு பையன் வந்தான், பார்சல் என்றான், கேட் தூக்கிக்கொண்டது. இன்னொருவன் வந்தான். அவனுக்கும் தூக்கிக்கொண்டது. எனக்குத் திருவள்ளூர் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் ஞாபகம் வந்தது.

"தம்பி, விசிட்டர்ங்கிறதை எடுத்துட்டு டெலிவரின்னு போடு."

அவர் என்னையும், என் மனைவியின் பட்டுப்புடவையையும், தட்டில் இருந்த வெற்றிலை பாக்கையும் பார்த்தார். தட்டினார். அடுத்த நொடி கேட் மேலே போனது. மனைவி தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பளிங்குத் தரை போட்ட முன்பகுதியில் நாங்கள் திரும்பும்போது பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார்.

"சார், அந்தப் பக்கம் போவாதீங்க. டெலிவரிக்கெல்லாம் சர்வீஸ் லிஃப்ட்!"